ஜூடோவில் பின்புறம் விழும்போது தலை மோதுகிறது: வழி தேவை

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு சிறு சங்கத்தில் 8 மாதங்களாக ஜூடோ பயிலும் என் 12 வயது மகளுக்கு, பின்புறமாக அடிபடாமல் விழப் பழகும் 'உகெமி' பயிற்சியில் தலை விரிப்பில் மோதுகிறது; கடந்த 2 மாதங்களாகப் பயிற்சி நாளன்று இரவில் கழுத்தும் வலிக்கிறது. குந்திய நிலையிலிருந்து சரியாகவே விழுகிறாள். நின்று விழும்போதுதான் முகவாய் மேலெழுகிறது. மருத்துவர் காயமில்லை என்றார். 2 வாரம் ஓய்வும் கொடுத்தோம், பயனில்லை. விரிப்பை அளந்தேன், 25 மி.மீ.தான், ஜூடோவுக்கு வழக்கமானது 40. அந்நியரிடம் பேசவே தயங்கியவள் இப்போது தனியே பேருந்தேறிப் பயிற்சிக்குப் போவதால், நிறுத்த மனமில்லை. ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலைக்கு மாற்றச் சொல்கிறார்கள் சிலர். 1882இல் கானோ ஜிகோரோ அதிலிருந்துதான் ஜூடோவை வகுத்தார் என்பதால், அங்கும் விழாமல் தீராது. நின்று விழும்போது முகவாயைத் தாழ்த்திப் பழக்க, உங்கள் பிள்ளைகளுக்குப் பலன் தந்த பயிற்சி எது?