1782இல் மட்டக்களப்புக் கடலில் சண்டை பிடித்த கொவென்ட்ரி கப்பல்: விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கல்லடிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பழைய பிரிட்டிஷ் கடற்படை வரலாறு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. 1782 ஆகஸ்ட் 12ஆம் திகதி எச்எம்எஸ் கொவென்ட்ரி என்ற 28 பீரங்கிப் பிரிகேட் (frigate, வேகமாக ஓடும் நடுத்தரப் போர்க்கப்பல்), இலங்கையின் பிரையர்ஸ் ஹூட் மலைக்கு நேரே கடலில் வைத்து பெலோன் என்ற பிரெஞ்சுப் பிரிகேட்டோடு மோதியிருக்கிறது. இரண்டரை மணி நேரச் சண்டைக்குப் பிறகு பெலோன் விலகிப் போய், மட்டக்களப்புக்கு வெளியே நங்கூரமிட்டு நின்ற 23 பிரெஞ்சுக் கப்பல்களுக்குள் புகுந்துவிட்டதாம். அவ்வளவுதான். அடுத்த வரியில் வேறு கடல், வேறு சண்டை.

எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தது 1638இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தார்கள், 1795இல் வெள்ளைக்காரன் அதை அவர்களிடமிருந்து பிடித்தான் என்று மட்டும்தான். நடுவில் பிரெஞ்சுக்காரன் 23 கப்பலோடு எங்கள் முன்கடலில் நின்றான் என்று ஒருவரும் மூச்சுவிடவில்லை. இவர்களுக்கு இங்கே என்ன வேலை? கொவென்ட்ரி அதற்கு முன் எங்கெல்லாம் ஓடியது, பிறகு என்ன ஆனது? அந்த மலை எங்கள் குடும்பிமலையா? தெரிந்தவர்கள் எழுதுங்கள், நீளமாக எழுதினாலும் வாசிப்பேன்.

வாவிக்கரை எழுதியது:

தம்பி, நீங்கள் ஹெர்மிஸைச் சொல்லவில்லையே? வெளியூரிலிருந்து வந்து சுழியோடிப் பார்க்கிறார்களே, அந்தக் கப்பல்.

கல்லடிக்காரன் எழுதியது:

இல்லை அண்ணன். ஹெர்மிஸ் 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போட்டுத் தாழ்த்தின விமானந்தாங்கிக் கப்பல். நான் கேட்பது பாய்மரக் காலத்துக் கதை, 160 வருடம் முந்தியது.

பழங்கடதாசி எழுதியது:

மலையை முதலில் தீர்த்துவிடுவோம். குடும்பிமலை இல்லை. அதற்குக் கப்பல்காரர் வைத்த பெயர் பேரன்ஸ் கேப். பிரையர்ஸ் ஹூட் அதற்குத் தெற்கே, மட்டக்களப்பிலிருந்து பார்த்தால் தென்மேற்கே உள்நாட்டில் தனியாக நிற்கிற மலை. இரண்டும் அந்தக் காலக் கடல் வழிகாட்டிகளில் அடையாளங்கள். எங்கள் கரை முழுக்கத் தட்டை, கடலில் கொஞ்சம் தூரம் போனால் தென்னந்தோப்பும் மறைந்துவிடும், அப்புறம் மலையை வைத்துத்தான் நிற்கிற இடத்தைக் கணிக்க வேண்டும். அதனால் சண்டை மலையடியில் நடந்தது என்று நினைக்கக் கூடாது, அந்த மலை தெரிகிற கடலில் நடந்தது.

இனிக் கப்பல். 1757இல் இங்கிலாந்தின் தென்கரையில், பியூலி ஆற்றங்கரை பக்லர்ஸ் ஹார்ட் என்ற சின்ன ஊரில், ஹென்றி அடம்ஸ் என்பவரின் கட்டுதளத்தில் இறக்கினார்கள். வரைபடம் தோமஸ் ஸ்லேட் போட்டது, பிற்காலத்தில் பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சனின் விக்டரி கப்பலை வரைந்த அதே ஆள். நீளம் 118 அடிக்குச் சற்று மேல், அகலம் 34 அடிக்குக் கிட்ட, அதற்குள் 200 பேர். மேல்தட்டில் ஒன்பது இறாத்தல் குண்டு சுடும் பீரங்கி 24, பின்தட்டில் மூன்று இறாத்தல் குண்டு சுடும் பீரங்கி 4. பெரிய போர்க்கப்பல்கள் வரிசை கட்டி மோதும்போது பிரிகேட் அந்த வரிசைக்குள் நிற்பதில்லை, நின்றால் தாங்காது. முன்னால் ஓடி எதிரி எங்கே, எத்தனை கப்பல், எந்தப் பக்கம் போகிறான் என்று பார்த்து வந்து சொல்வது, கடிதம் கொண்டுபோவது, வணிகக் கப்பல்களுக்குக் காவல், எதிரியின் தனியார் கொள்ளைக் கப்பல்களை விரட்டிப் பிடிப்பது, இதெல்லாம்தான் வேலை. கொவென்ட்ரியும் பிரான்சோடு நடந்த ஏழாண்டுப் போரில் இந்த வேலைதான் பார்த்தது.

பிறகு அமெரிக்கா. 1765இல், பத்திரம் கடதாசிகளுக்குப் பிரிட்டன் போட்ட முத்திரை வரிக்கு எதிராக நியூயோர்க் கொதித்துக்கொண்டிருந்தபோது கொவென்ட்ரி அந்தத் துறைமுகத்தில் நின்றது. முத்திரைத் தாள்களைக் கப்பலில் ஏற்றி வைத்துக்கொள்ளச் சொல்லி ஆளுநர் பொறுப்பிலிருந்த கோல்டன் கேட்க, கப்டன் ஆர்ச்சிபோல்ட் கென்னடி முடியாது என்றுவிட்டார். மனுசனுக்கு அந்த நகரத்தில் சொந்தமாகப் பல வீடுகள். தாளை ஏற்றினால் சனம் வீட்டுக்கு வரும் என்று தெரியாதா என்ன! கடைசியில் தாள்கள் நகர மண்டபத்துக்குப் போயின.

1778இல் வங்காள விரிகுடாவில் பார்க்கிறோம். பிரான்சோடு போர் என்ற செய்தி வந்ததும் பிரிட்டிஷ் அணித்தலைவர் எட்வர்ட் வேர்னன் சென்னையிலிருந்து கிளம்பி, ஆகஸ்ட் 10ஆம் திகதி பாண்டிச்சேரிக்கு வெளியே திரொன்ஜொலி என்பவரின் பிரெஞ்சு அணியோடு மோதினார். கொவென்ட்ரி அதில் இருந்தது, சீஹோர்ஸும் இருந்தது. சீஹோர்ஸ் என்றால் அதற்குச் சில வருடம் முந்தி பொடியன் நெல்சன் வேலை பழகின கப்பல், திருகோணமலைக்கும் வந்து போனது. சண்டையில் இரண்டு பக்கமும் பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை, ஆனால் பிரெஞ்சு அணி பிறகு மொரீசியசுக்குப் போய்விட்டது, கடல் பக்கம் உதவி இல்லாமல் பாண்டிச்சேரி ஒக்டோபரில் விழுந்தது.

இப்போது உங்கள் கேள்வி, பிரெஞ்சுக்காரனுக்கு மட்டக்களப்பில் என்ன வேலை. 1780 கடைசியில் இங்கிலாந்து ஒல்லாந்தோடும் போருக்குப் போனது. 1782 ஜனவரியில் பிரிட்டிஷ் அட்மிரல் ஹியூஸ் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார். பிரெஞ்சுப் படையணியின் தலைவர் சுஃப்ரனுக்கு இந்தப் பக்கத்தில் சொந்தத் துறைமுகம் ஒன்றும் கிடையாது. மட்டக்களப்பு இன்னும் ஒல்லாந்தர் கையில், ஒல்லாந்தர் பிரெஞ்சுக்காரனின் கூட்டாளி, ஆகவே இங்கே வந்து நின்றால் தண்ணீர் உண்டு, இறைச்சி உண்டு, நோயாளிகளை இறக்கிப் படுக்க வைக்கலாம். ஏப்ரல் 12ஆம் திகதி புரொவிடியன் தீவுப் பக்கம் ஹியூஸோடு கடும் சண்டை பிடித்த பிறகு, ஏப்ரல் கடைசி தொடக்கம் ஜூன் தொடக்கம் வரை மட்டக்களப்பில்தான் கிடந்தார். ஜூலையில் நாகபட்டினத்தில் மறுபடி ஒரு சண்டை, கடலூரில் பிரெஞ்சுக்காரரின் கூட்டாளியான மைசூர் ஹைதர் அலியோடு நேரடிச் சந்திப்பு, ஆகஸ்டில் திரும்ப மட்டக்களப்பு. இந்த முறை காத்திருந்தது பிரான்சிலிருந்து வரவேண்டிய கப்பல்களுக்கும் படையாட்களுக்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஹியூஸோடு சேரப் போய்க்கொண்டிருந்த கொவென்ட்ரி இந்தப் பக்கம் வந்து பெலோனைக் கண்டது. கொவென்ட்ரியின் கப்டன் அன்ட்ரூ மிச்சல். கொவென்ட்ரியில் 15 பேர் செத்து 29 பேர் காயம், 200 பேர் கப்பலில் இது சின்னக் கணக்கில்லை. பெலோன் பக்கம் கப்டன் பியேர்வெர் செத்தார், அவர் சுஃப்ரனின் மருமகன். பெலோனைத் துரத்திப் போன மிச்சலுக்கு முன்னால் முழு அணியும் நங்கூரத்தில். திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை.

மாத முடிவில் சுஃப்ரன் இங்கிருந்து போய்த் திருகோணமலையைப் பிடித்துவிட்டார். ஹியூஸ் வந்து சேர்ந்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி, செப்டெம்பர் 3ஆம் திகதி வெளியே நின்று மோதியும் துறைமுகம் திரும்பக் கிடைக்கவில்லை. வரலாற்றுப் புத்தகங்கள் இந்தத் திருகோணமலைக் கதையைப் பக்கம் பக்கமாக எழுதும். அதற்கு ஆயத்தம் நடந்தது எங்கள் முகத்துவாரத்துக்கு வெளியே என்பதை அரை வரியில் முடிக்கும். எனக்கு அதில் கொஞ்சம் கடுப்பு.

திருக்கோவில் தோணி எழுதியது:

வரலாறு எனக்குத் தூரம், கடல் கொஞ்சம் தெரியும். ஆகஸ்ட் என்றால் இங்கே கச்சான் காற்று. காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும், விடியப்புறம் கரையோரம் தண்ணீர் எண்ணெய் ஊற்றினமாதிரிக் கிடக்கும், மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்று ஏறும். மழைக்காலம் வரும்வரை முகத்துவாரத்தைப் பெரும்பாலும் மணல் அடைத்துக் கிடக்கும், வெட்டிவிட்டாலும் ஆழம் காணாது. அதனால் பெரிய கப்பல் வாவிக்குள் வந்திருக்கவே ஏலாது, வெளியே நங்கூரம் போட்டுச் சின்னப் படகில்தான் தண்ணீர் பீப்பாயும் மாடும் ஏற்றியிருப்பார்கள். அந்த மாதத்தில் அப்படி வெளியே கிடப்பதில் பயமில்லை. இதையே வடகிழக்குக் காற்று அடிக்கிற வாடையில் செய்து பார்த்தால் தெரியும்.

மலை விசயம் சரி. எங்கள் அப்பா ஆட்களும் ஒரு மலையையும் கரையில் ஒரு கோயிலையும் நேர் பிடித்துத்தான் வலை போட்ட இடத்தைத் திரும்பக் கண்டுபிடிப்பார்கள். காலையில் தெளிவாகத் தெரியும், வெயில் ஏறினால் புகார் மூடிவிடும். இப்போது எல்லாரும் ஜிபிஎஸ்.

சாய்ந்தமருதுக் காக்கா எழுதியது:

பழங்கடதாசி நன்றாக எழுதியிருக்கிறார், ஆனால் ஒன்றை இடித்துச் சொல்ல வேண்டும். இங்கிலீஷ்காரரின் புத்தகங்கள் பெலோனை 40 பீரங்கிக் கப்பல் என்று எழுதுகின்றன. அது 32 பீரங்கிப் பிரிகேட், பன்னிரண்டு இறாத்தல் பீரங்கி 26, ஆறு இறாத்தல் பீரங்கி 6. தன் கப்டன் சின்னக் கப்பலை வைத்துப் பெரியதை அடித்தான் என்று காட்ட எண்ணிக்கையை ஏற்றுவது அந்தக் காலத்துப் பழக்கம், எல்லா நாட்டுக்காரரும் செய்தார்கள்.

ஏற்றாமலே கணக்கைப் பாருங்கள். கொவென்ட்ரி ஒரு பக்கத்துப் பீரங்கி எல்லாவற்றையும் ஒரு தடவை சுட்டால் பறக்கிற இரும்பு 114 இறாத்தல். பெலோனுக்கு 174, அதுவும் பிரெஞ்சு இறாத்தலில், அது ஆங்கில இறாத்தலைவிடப் பாரம் கூட. அப்படியிருந்தும் விலகிப் போனது பெலோன். மிச்சலின் ஆட்கள் வேகமாகவும் நேராகவும் சுட்டிருக்க வேண்டும். ஆனால் கப்டன் செத்த கப்பல், கூப்பிடு தூரத்தில் சொந்தப் படையணி நிற்கும்போது அங்கே போவதைப் பயந்து ஓடினான் என்று எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கல்லடிக்காரன் எழுதியது:

காக்கா, கணக்குக்கு நன்றி, இதைத்தான் தேடினேன். தோணி அண்ணன் சொன்னதை வாசித்த பிறகுதான் ஏன் ஆகஸ்டில் வந்தார்கள் என்றே விளங்குது. வாடை தொடங்கினதும் இவர்கள் எங்கே போனார்கள்? கொவென்ட்ரி கடைசியில் என்ன ஆனது என்று ஒருவரும் சொல்லவில்லையே.

பழங்கடதாசி எழுதியது:

வேண்டுமென்றுதான் வைத்திருந்தேன், அது தனிக் கதை.

செப்டெம்பர் 3ஆம் திகதிச் சண்டையில் சுல்தான் என்ற பெரிய கப்பலின் கப்டன் செத்ததால் மிச்சலை அதற்கு மாற்றினார்கள். கொவென்ட்ரிக்கு வந்தவர் வில்லியம் வூல்ஸ்லி. இவர் அந்த ஜனவரியில் திருகோணமலை ஒஸ்டன்பேர்க் கோட்டையில் ஏறும்போது நெஞ்சில் குண்டு பட்டு, செத்துவிட்டார் என்று பிணங்களோடு விடப்பட்டவர். அடுத்த நாள் உயிரோடு கண்டெடுத்தார்கள்.

வாடை தொடங்கினால் இந்தியாவின் கிழக்குக் கரையில் பாய்மரக் கப்பல் நிற்க முடியாது. திருகோணமலை கையில் இல்லாததால் ஹியூஸ் பம்பாய் வரை சுற்றிப் போக வேண்டி வந்தது. சுஃப்ரன் சுமாத்திராவின் அச்சேவுக்குப் போனார். அங்கிருந்து ஒருவரும் எதிர்பாராத நேரத்தில், 1783 ஜனவரியிலேயே, ஒரிசாக் கரையில் கஞ்சம் பக்கம் வந்து நின்றார். இரவில் கப்பல்களின் உருவத்தைக் கண்ட வூல்ஸ்லி, கிழக்கிந்தியக் கம்பனியின் வணிகக் கப்பல்கள்தானே என்று கிட்டப் போய்விட்டார். விளங்கினபோது நடுவில் மாட்டிக்கொண்டார்.

பாருங்கள், எதிரி எங்கே என்று அறிந்து சொல்வதற்கென்றே கட்டின கப்பல். மட்டக்களப்பில் முழு அணியையும் கண்டுவிட்டுத் தப்பினது, ஐந்து மாதத்தில் அதே அணிக்குள் தானாகப் போய் விழுந்தது. பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்தது கப்பல் மட்டுமில்லை. ஹைதர் அலி டிசெம்பரில் இறந்துவிட்டார் என்ற செய்தி சுஃப்ரனுக்குத் தெரிந்ததே இந்தப் பக்கத்தில் பிடிபட்ட ஆங்கிலேயரிடமிருந்துதான். அவருடைய தரைப்படைத் திட்டம் முழுக்க ஹைதரை நம்பியிருந்தது, கேட்டதும் கஞ்சத்தை விட்டுக் கடலூருக்கு ஓடினார்.

வூல்ஸ்லி போர் முடியும்வரை கைதி. பிறகு விடுதலையாகி அட்மிரல் வரை போய் 1842இல்தான் இறந்தார். கொவென்ட்ரியைப் பிரெஞ்சுக்காரர் தங்கள் படையில் வைத்து ஓட்டி, 1785இல் பிரெஸ்ட் துறைமுகத்தில் நிறுத்தி, அடுத்த வருடம் உடைத்துவிட்டார்கள்.

வாவிக்கரை எழுதியது:

அப்ப மட்டக்களப்புக்குள் ஓடி வந்த மற்றக் கப்பல், பெலோன்?

சாய்ந்தமருதுக் காக்கா எழுதியது:

அது இன்னும் கனகாலம் ஓடியது. 1798 ஒக்டோபரில் அயர்லாந்துக்குப் படை ஏற்றிப் போகும்போது டோரி தீவுக்குப் பக்கத்தில் இங்கிலீஷ்காரரிடம் பிடிபட்டது. பெயரை புரொசர்பைன் என்று மாற்றித் தங்கள் கடற்படைக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.