பாலினவாரித் தரவு: சொல்லும் அதன் எல்லையும்

மடல் 1

அனைவருக்கும் வணக்கம்.

மதுரை வட்டாரத்து மல்லிகைச் சாகுபடி பற்றிய கள ஆய்வுக்காக, ஆய்வு மாணவர்கள் கையில் வைத்துக்கொள்ள ஒரு தமிழ்க் கையேடு தயாராகிறது. அதில் ‘ஜெண்டர் டிஸ்அக்ரிகேட்டட் டேட்டா’ என்பதற்கு ஒரே சொல் வேண்டும். இப்போது ஆளுக்கொன்று எழுதுகிறார்கள்: பாலினரீதியான புள்ளிவிவரம், பால்பிரி தரவு, பால்வாரித் தரவு, பாலின அடிப்படையில் பிரிக்கப்பட்ட தரவு. கடைசியாகச் சொன்னது பொருளைச் சரியாகவே சொல்கிறது. ஆனால் அட்டவணைத் தலைப்பில் அடங்காது, களப்பணியாளர் வாயிலும் நிற்காது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மடல் 2

வணக்கம் ஐயா.

‘பால்பிரி தரவு’ நல்ல வினைத்தொகை. ஆனால் மல்லிகை போட்டிருக்கும் வீட்டிலேயே கறவை மாடும் நிற்கும். சொசைட்டிக்கு ஊற்றும் பால் எத்தனை லிட்டர் என்ற கேள்வியும் அதே வினாத்தாளில்தான் வரும். இரண்டையும் ஒரே தாளில் வைத்தால் குழப்பம் நிச்சயம். ‘பால்வாரி’யில் சிக்கல் இன்னும் கூடுதல். நம் பக்கத்து ஊர்களில் அங்கன்வாடியை இன்றும் பால்வாடி என்றுதான் சொல்கிறார்கள். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு திண்ணையில் உட்கார்ந்து “பால்வாரியாகக் கணக்கெடுக்கிறோம்” என்றால், பேச்சு பிள்ளையை எந்த மையத்துக்கு அனுப்புகிறார்கள் என்பதற்குப் போய்விடும்.

இலக்கணப் பக்கமும் ஒரு தடை இருக்கிறது. ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் என ஐந்தைச் சொல்லும்போது ‘பால்’ எண்ணையும் சேர்த்தே சுமக்கிறது. ஆய்வில் நமக்கு வேண்டியது சமூகம் ஒருவருக்குக் கொடுக்கும் இடம், வேலை, உரிமை. அதற்குப் ‘பாலினம்’ வழக்கில் நிலைத்துவிட்டது. ‘வாரி’யையும் விட வேண்டாம். மாவட்டவாரி, வார்டுவாரி, சாதிவாரிக் கணக்கெடுப்பு என்று நாளிதழ் படிக்கும் எவருக்கும் பழகிய ஒட்டு அது. வேர் தமிழில்லை என்று சிலர் சொல்லக்கூடும். வேரைத் தேடி ‘பாலினவழிப் பகுதரவு’ என்று போனால் அதைப் பயன்படுத்த ஆள் இருக்காது.

என் பரிந்துரை: பாலினவாரித் தரவு.

மடல் 3

அம்மா சொன்ன சொல்லை ஏற்கிறேன். வரையறையைப் பிறகு பார்க்கலாம் என்றால் மட்டும் ஒப்ப முடியாது. அட்டவணையில் ஆண், பெண் என்று இரண்டு பத்தி இருந்துவிட்டாலே அது பாலினவாரித் தரவு என்ற எண்ணம் ஆய்வுத்துறைகளில் பரவலாக இருக்கிறது. புதுச்சொல்லும் அந்த எண்ணத்துக்கே முத்திரை குத்திவிடக் கூடாது. பிரிக்க வேண்டியது கேட்கும்போது. அட்டவணை போடும்போது அல்ல.

மல்லிகையையே எடுத்துக்கொள்வோம். மொட்டு பறிப்பது விடியுமுன், பெரும்பாலும் பெண்கள். பறித்ததை மாட்டுத்தாவணிப் பூமார்க்கெட்டுக்குக் கொண்டுபோய், எடை போட்டு, கமிஷன் கடைச் சீட்டு வாங்கி வருவது பெரும்பாலும் ஆண்கள். பட்டாவும் பெரும்பாலும் ஆண் பெயரில். குடும்பத் தலைவர் ஒருவரிடம் மட்டும் கேட்டால் ‘கணவர்: விவசாயி, மனைவி: வீட்டு வேலை’ என்று பதிவாகும். அதைப் பிறகு இரண்டு பத்தியாகப் பிரித்தாலும் உள்ளே இருப்பது ஒரே ஆளின் வாய்மொழிதான்.

இந்தப் பதிவு எவ்வளவு தூரம் போகும் என்று பாருங்கள். தேசிய மாதிரிக் கணக்கெடுப்புகளில் வீட்டு வேலை மட்டும் செய்பவருக்குக் குறியீடு 92. வீட்டு வேலையோடு விறகு, தீவனம் சேகரிப்பது, வீட்டுத் தேவைக்குத் தைப்பது போன்றவையும் செய்பவருக்கு 93. இரண்டுமே உழைப்பாளர் எண்ணிக்கையில் சேராது. சொந்தத் தோட்டத்தில் கூலியில்லாமல் பூப்பறிப்பவர் குடும்பத் தொழிலில் உதவுபவர். அவருக்குரிய குறியீடு 21. களப்பணியாளர் 21க்குப் பதில் 92 என்று எழுதினால், அந்தப் பெண் உழைப்பாளர் பட்டியலிலிருந்தே போய்விடுகிறார். கூலி உயர்வு, பயிர்க்கடன், காப்பீடு என்று எதைப் பேசினாலும் அவர் கணக்கில் இல்லை.

“வேலை செய்கிறீர்களா?” என்று கேட்பதாலும் இது சரியாகாது. ‘இல்லை, வீட்டில்தான் இருக்கேன்’ என்பதே வரும் பதில். முந்தைய நாளை அரைமணி அரைமணியாகக் கேட்க வேண்டும். 2019இல் நடந்த அகில இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அந்த முறையில்தான் நடந்தது. சம்பளமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்குச் சராசரி 299 நிமிடம், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம் என்பது அப்படிக் கேட்டதால் வெளியே வந்த கணக்கு.

அந்த முறையை அப்படியே நம் ஊருக்கு எடுப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. அதன் நாள் அதிகாலை 4 மணிக்குத் தொடங்கி மறுநாள் 4 மணிக்கு முடியும். 3 மணிக்குத் தோட்டத்தில் இறங்கி 6 மணிக்கு ஏறுபவரின் ஒரே வேலை இரண்டு நாள்களில் துண்டாக விழும். பதில் சொல்பவரும் எழுந்த நேரத்திலிருந்துதான் சொல்லத் தொடங்குவார். முதல் ஒரு மணி நேரம் தாளில் ஏறாது. கையேட்டில் நாளின் தொடக்கத்தை இரவு 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். பூ குறைந்த மார்கழி, தை மாதங்களில் ஒருமுறையும், வரத்து மிகுந்த கோடையில் ஒருமுறையும் கேட்க வேண்டும். ஒரே பருவத்தில் கேட்டால் உழைப்பின் அளவு ஏறுக்குமாறாகும்.

ஆகவே வரையறை: ‘ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டு, பதில் சொன்னவர் யார் என்ற குறிப்போடு, அவரவர் பாலினத்தோடு பதிவான தரவு.’ வீட்டுக்காரர் சொன்னதைப் பிரித்தது வெறும் ‘பாலினப் பிரிப்பு’. இரண்டுக்கும் ஒரே பெயர் வேண்டாம்.

ஆய்வாளர்களைப் பற்றிய ஆய்வுக்கும் இதே வரையறை பொருந்தும். கட்டுரை எழுதியோரில் பெண்கள் எத்தனை பேர் என்று பார்க்க, பெயரை வைத்துப் பாலினம் ஊகிக்கும் மென்பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள். நம் பெயரில் அது தடுமாறும். முத்து, மணி, தங்கம், செல்வம், ஜோதி என்பவை இருபாலாருக்கும் உண்டு. அதைவிடக் கேடு முன்னெழுத்து. பன்னாட்டு இதழ் குடும்பப்பெயர் கேட்கும், முன்னெழுத்தை விரித்துத் தந்தையின் பெயரை அங்கே எழுதுவார்கள், தரவுத்தளம் சில சமயம் வரிசையை மாற்றிவிடும். ராமசாமியின் மகள் கயல்விழி எழுதிய கட்டுரை ‘ராமசாமி’ எழுதியதாக ஆண் கணக்கில் விழும். இப்படி வந்ததை ‘ஊகப் பாலினம்’ என்று தனித் தலைப்பில்தான் போட வேண்டும்.

முனைவர் பட்டக் கால அளவும் அப்படியே. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022ஆம் ஆண்டு விதிப்படி ஆய்வுக்காலம் அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவில் 2 ஆண்டு கூடும், பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு. மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு ஆய்வுக்காலம் முழுதுக்கும் 240 நாள் வரை. பதிவு நாளிலிருந்து ஆய்வேடு கொடுத்த நாள் வரை ஒட்டுமொத்தமாக எண்ணிச் சராசரி எடுத்தால் பெண்கள் ‘தாமதிப்பவர்கள்’ ஆகிவிடுவார்கள். விடுப்பு நாளைக் கழித்த காலத்துக்குத் தனிப் பத்தி இல்லாவிட்டால், ஒரு பெண்ணின் உரிமை அட்டவணையில் அவருடைய குறையாக மாறிவிடும். அடுத்த முறை மாணவர் சேர்க்கும் நெறியாளர் பார்ப்பது அந்த அட்டவணையைத்தான்.

மடல் 4

முந்தைய மடல் ஆண், பெண் இரண்டோடு நின்றுவிட்டது. கையேட்டில் மூன்றாவதாக ‘மற்றவர்’ என்று ஒரு கட்டம் போட்டு முடித்துவிடாதீர்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கில் ஆண் 1, பெண் 2, மற்றவர் 3. மூன்றாவதில் வந்தவர்கள் ஏறத்தாழ 4.88 லட்சம் பேர். அவர்களில் 55 ஆயிரத்துக்கு நெருக்கமானோர் ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள். அந்த வயதில் பிள்ளையா தன் பாலினத்தைச் சொல்லியிருக்கும்? வேறொருவர் சொல்லி, வேறொருவர் எழுதியது. ‘பதில் சொன்னவர் யார்’ என்ற பத்தி இங்கேயும் தேவை.

2014இல், தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு தொடுத்த நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை உறுதி செய்தது. ஆகவே கேள்வி “உங்கள் பாலினத்தை எப்படிப் பதிய விரும்புகிறீர்கள்?” என்று இருக்கட்டும். பெண் என்று சொன்ன திருநங்கையைத் திருத்தி எழுதக் களப்பணியாளருக்கு அதிகாரம் இல்லை. அடையாளச் சான்றும் கேட்கக் கூடாது. மருத்துவ ஆய்வு போல உடலே பொருளாகும் இடத்தில் மட்டும் ‘பிறப்பில் பதிவான பால்’ என்று இரண்டாவது கேள்வி சேரலாம். ஊடுபால் என்பது, ஆண் உடல், பெண் உடல் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காமல் பிறப்பது; உடற்கூறு சார்ந்தது. பாலினக் கட்டத்தில் அதைப் போடுவது பிழை. 2019இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, ஊடுபால் குழந்தைகளுக்கு ஒப்புதல் இன்றிச் செய்யும் அறுவையை நிறுத்தச் சொன்னது. அவ்வாண்டே தமிழ்நாடு அரசு ஆணையும் வெளியிட்டது. அந்தத் தீர்ப்பு வந்த ஊரிலிருந்து வெளிவரும் கையேட்டில் இந்தப் பிழை இருக்கக் கூடாது.

வெளியிடும்போது ஒரு ஆபத்து. ஓர் ஊராட்சியில் திருநங்கை ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். ஐந்துக்குக் குறைந்த எண்ணை மறைப்பது நல்ல வழக்கம். அது மட்டும் போதாது. மொத்தம் 412, ஆண் 201, பெண் 209 என்று அச்சிட்டுவிட்டு மூன்றாவதில் நட்சத்திரக்குறி போட்டால், கழித்துப் பார்த்து இரண்டு என்று எவரும் சொல்லிவிடுவார்கள். அவர்களுடைய வருமானமும் அடுத்த வரியில் இருந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரிதான். இன்னொரு கட்டத்தையும் மறைக்க வேண்டும், அல்லது ஊராட்சி அளவை விட்டு ஒன்றிய அளவில் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

மடல் 5

இரண்டு மடல்களையும் வரையறையில் சேர்த்துக்கொள்கிறேன். கையேட்டில் வரும் சொற்கள் நான்கு: பாலினவாரித் தரவு, பாலினப் பிரிப்பு, ஊகப் பாலினம், பிறப்பில் பதிவான பால். வினையடையாக ‘பாலினவாரியாக’ என்றே வரட்டும். ‘பாலினவாரித் தரவு’ என்பதில் த் மிக வேண்டும். ‘பாலினவாரி அட்டவணை’ என்பதில் ஒற்றுக்கு இடமில்லை. தட்டச்சு செய்பவர்கள் இதைக் கவனித்தால் தேடும்போது சொல் இரண்டு வடிவமாகச் சிதறாது.