எதிர்ல வர்ற ஆம்பளைங்க ஒதுங்கவே மாட்டாங்களா, இல்ல எனக்கு மட்டும் தான் இப்படியா?

மழைக்குருவி:
வணக்கம். நான் திருநங்கை, சென்னை. ஹார்மோன் ஆரம்பிச்சு ஒன்றரை வருஷம், வெளில சுடிதார்ல போக ஆரம்பிச்சு நாலு மாசம் தான் ஆகுது. பெசன்ட் நகர் பீச் பக்கம் அவ்ளோ அகலமான நடைபாதைல கூட எதிர்ல வர்ற ஆம்பளைங்க இடிக்கிற மாதிரியே வராங்க, முன்னாடிலாம் ரெண்டு பேருமே லேசா தோள திருப்பிப்போம், அத நான் கவனிச்சது கூட இல்ல, இப்ப முழுசா நான்தான் விலகணும்னு எதிர்பார்க்கறாங்க.

ஆனா பஸ்ல வேற மாதிரி. இத்தன வருஷம் வலது பக்கமே ஒக்காந்துட்டு மொதல் தடவ இடது பக்கம் லேடீஸ் சீட்ல ஒக்காரும்போது கை நடுங்குச்சு. 2021ல லேடீஸ்க்கு டவுன் பஸ் ஃப்ரீ ஆனப்பவே கொஞ்ச நாள்ல நமக்கும் ஃப்ரீனு சொல்லிட்டாங்க, ஆனா கேக்க பயந்து காசு குடுத்தே தான் போயிட்டிருந்தேன். போன வாரம் கண்டக்டர் ஒண்ணும் கேக்காம மகளிர் டிக்கெட்ட கைல குடுத்துட்டு போயிட்டாரு. பக்கத்துல ஏறுன ஒரு அம்மா, "இவன கொஞ்சம் புடிம்மா"னு கொழந்தைய என் மடில வச்சுட்டாங்க. யாருனே தெரியாது. எனக்கு அழுகையே வந்துருச்சு.

ஒதுங்குற விஷயத்துல நீங்கலாம் என்ன பண்றீங்க?

அம்பத்தூர் அக்கா:
உனக்கு மட்டும் இல்லமா, எங்களுக்கு சின்ன வயசுலேந்தே பழகிப்போச்சு, அதான் தெரியறதே இல்ல. எட்டாவது படிக்கும்போதே பைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு தான் பஸ் ஏறுவேன், துப்பட்டால ஒரு ஊக்கு எப்பவும் இருக்கும், எதுக்குன்னு சொல்ல வேண்டியதில்ல. நீயும் அத வச்சுக்கோ. ஆனா காலியா கெடக்கற ரோட்ல ஒதுங்காத, நேரா பார்த்து நட, பாதி பேர் கடைசி நிமிஷத்துல தானா விலகிடுவாங்க.

வைகைக்கரை:
நான் திருநம்பி, மதுரை. எனக்கு அப்படியே தலைகீழ். இப்ப டீக்கடைல நின்னா "என்ன தம்பி, ஸ்ட்ராங்கா?"னு கேட்டு ஒடனே தராங்க, முன்னாடி அங்க தனியா நிக்கவே முடியாது. ஆட்டோல ரேட் பேசுனா நான் சொல்றது எடுபடுது. இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனா ராத்திரி தெருல எனக்கு முன்னாடி ஒரு பொண்ணு போனா, என் செருப்பு சத்தம் கேட்டு வேகமா நடக்கறாங்க. அந்த பயம் எனக்கு உள்ளுக்குள்ள நல்லா தெரியும், நானும் அப்படித்தான் நடந்தேன். இப்ப நின்னு அவங்க திரும்புற வரைக்கும் போன் பாக்குறேன், இல்லனா எதிர்ப்பக்கம் போயிடறேன். நீங்க கொழந்தைய பத்தி எழுதுனத படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தேன். பஸ்ல கொழந்தைங்கள பாத்து சிரிச்சா இப்ப அம்மாங்க அந்தப் பக்கம் திருப்பிக்கறாங்க. தப்பு சொல்லல. ஆனா அது போனதுதான் எனக்கு பெருசா வலிக்குது.

மழைக்குருவி:
அக்கா, ஊக்கு வாங்கிட்டேன். நேரா நடந்தும் பாத்தேன், ரெண்டு பேர் விலகுனாங்க, ஒருத்தர் இடிச்சுட்டு என்னையே மொறச்சாரு. வைகைக்கரை அண்ணா, நீங்க அப்படி நின்னு வழி விடறது முன்னாடி போற பொண்ணுக்கு தெரியப்போறதே இல்ல, ஆனா ராத்திரி தனியா நடக்கும்போது பின்னாடி சத்தம் நின்னா எவ்ளோ நிம்மதினு இந்த நாலு மாசத்துல எனக்கு தெரிஞ்சுருச்சு.