பனாமாவில் குடியேறியவர்கள் எதை எப்போது பார்க்கலாம்

பனாமா நகரத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்கள், சுற்றுலாப் பயணிகளைப் போல மூன்றே நாட்களில் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வேண்டியதில்லை. குடியுரிமை இல்லாவிட்டாலும் வதிவிட அடையாள அட்டை கைக்கு வந்துவிட்டால் கால்வாய்ப் பார்வையாளர் மையத்தில் நுழைவுக் கட்டணம் கணிசமாகக் குறையும் என்பதால், அவசரம் இல்லாதவர்கள் அதுவரை காத்திருப்பது நல்லது.

அந்த மையம் இருக்கும் இடம் மிராஃபுளோரெஸ் நீர்ப்பூட்டு, அதாவது கதவடைத்த தொட்டிக்குள் நீரை ஏற்றியும் இறக்கியும் கப்பலை மேலே தூக்கும் அல்லது கீழே இறக்கும் அமைப்பு. அங்கே போகும்போது நேரம்தான் முக்கியம். பொதுவாகக் காலையில் பசிபிக் பக்கமிருந்து வரும் கப்பல்கள் அங்கே மேலேறுகின்றன, பிற்பகலில் அட்லாண்டிக் பக்கமிருந்து வருபவை கீழிறங்குகின்றன, இடைப்பட்ட உச்சிவேளையில் பெரும்பாலும் வெறும் தண்ணீரைத்தான் பார்க்க முடியும். ஊரிலிருந்து வந்த மாமனாரையும் மாமியாரையும் விவரம் தெரியாமல் நண்பகலில் அழைத்துப்போய் இரண்டு மணி நேரம் நிற்க வைத்ததும், "இதற்கு நம்ம ஊர் மதகையே பார்த்திருக்கலாமே" என்று மாமியார் சொன்னதும் இன்னும் மறக்கவில்லை. மறுவாரம் காலை எட்டரை மணிக்கே போனோம். 33.5 மீட்டர் அகலமுள்ள தொட்டிக்குள், இருபுறமும் ஒரு முழத்துக்குச் சற்றே கூடுதலான இடைவெளி விட்டு ஒரு பெரிய சரக்குக் கப்பல் நுழைய, தண்டவாளத்தில் ஓடும் சிறு இழுவை எஞ்சின்கள் கம்பிவடங்களால் அதை நடுவில் பிடித்து நிறுத்தின. பிறகு பம்பு எதுவும் இல்லாமல், கடல்மட்டத்துக்கு 26 மீட்டர் உயரத்தில் இருக்கும் காத்தூன் ஏரியின் நீர் தன் பாரத்தாலேயே இறங்கி வந்து கப்பலைத் தூக்கியது. 1914-இல் திறந்த இந்தப் பழைய பூட்டுகளில் ஒரு கப்பல் கடந்துசெல்ல ஏறத்தாழ 20 கோடி லிட்டர் நன்னீர் கடலில் கலக்கிறது என்று சொன்னபோது, மாமனார் வெகுநேரம் பேசவே இல்லை.

பழைய நகரம் என்ற பெயரில் இங்கே இரண்டு இடங்கள் இருப்பதால் டாக்சி ஏறும்போது பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். 1519-இல் நிறுவப்பட்டு, 1671-இல் ஹென்றி மார்கனின் கொள்ளைப்படை தாக்கியபோது எரிந்துபோன ஊரின் இடிபாடுகள் பனாமா வியேஹோ. அதன்பின் சில கிலோமீட்டர் தள்ளி எழுப்பிய நகரம் காஸ்கோ வியேஹோ. இடிபாடுகளை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு காஸ்கோவின் சான் ஹோசே தேவாலயத்தில் இருக்கும் பொன்முலாம் பூசிய பலிபீடத்தைப் பார்த்தால் கதை வரிசையாகப் புரியும். அங்கே விற்கும் 'பனாமா தொப்பி' ஈக்வடார் நாட்டுச் சரக்கு என்பதை அறிந்தே பேரம் பேசுங்கள்.

அமடோர் கரைச்சாலை மாலை நடைக்குப் போதும், அதற்கென்று ஒரு நாளை ஒதுக்க வேண்டாம்.

கரீபியன் கரையிலுள்ள குனா யாலா தீவுகளுக்குத்தான் உண்மையான திட்டமிடல் தேவை. மலைப்பாதை செங்குத்தானது என்பதால் நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டி வேண்டும். அது குனா மக்கள் தாங்களே ஆளும் பகுதி, எனவே எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டைக் காட்டித் தனிக் கட்டணமும் செலுத்த வேண்டியிருக்கும். டிசம்பர் பின்பாதி முதல் ஏப்ரல் வரை மழை குறைவு, ஆயினும் அந்த மாதங்களில் காற்று பலமாக வீசிப் படகு தூக்கிப்போடும், ஆகவே மாற்றுடையையும் கைப்பேசியையும் நெகிழிப் பையில் கட்டி வையுங்கள். பல நிறத் துணிகளை அடுக்கித் தைத்த 'மோலா' துணி அணிந்த குனா பெண்களைப் படமெடுக்கும் முன் அவர்களிடம் அனுமதி கேளுங்கள், சிலர் அதற்குப் பணம் கேட்பார்கள் என்பதால் ஒரு டாலர் தாள்களாகச் சில்லறை வைத்திருங்கள்.