பழைய டிஃபெண்டரில் டீசல் ஹீட்டர்: பட்டர்வொர்த்காரன் கேட்கிறேன், சிரிக்காதீர்கள்

கட்டைவண்டி110, பட்டர்வொர்த்:

வணக்கம். என்னிடம் இருப்பது 1995 லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110, 300 டிடிஐ டீசல் என்ஜின். முன்பு ஏதோ தோட்டத்து வண்டி. பின்கதவில் பச்சைப் பெயின்ட்டுக்கு அடியில் தோட்டத்து எண் இன்னும் மங்கலாகத் தெரியும். பதினொரு வருடமாக என் கையில் இருக்கிறது, எண்ணெய் ஒழுகுவதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது.

டிசம்பர் கடைசியில் மூன்று வண்டிகள் சேர்ந்து போகிறோம். புக்கிட் காயு ஹித்தாமில் எல்லை தாண்டி, தாய்லாந்து, சியாங் கோங் பாலம், லாவோஸ், சீன எல்லையில் போத்தேன், அப்புறம் யுன்னானில் ஷாங்ரி-லா வரை. சீனாவுக்குள் கூட வரும் கைடு, தற்காலிக நம்பர், தற்காலிக லைசென்ஸ் எல்லாவற்றையும் ஏஜென்சி பார்த்துக்கொள்கிறது. மற்ற இரண்டு வண்டிக்காரர்களுக்கும் ஹோட்டல். நானும் மனைவியும் முடிந்தவரை வண்டிக்குள்தான் தூங்குவோம், பின்னால் பலகை போட்டு மெத்தை விரித்திருக்கிறேன்.

பிரச்சினை என்னவென்றால், என் வண்டியில் ஹீட்டரே கிடையாது. இந்த ஊர் வண்டிக்கு எவன் ஹீட்டர் வைப்பான்? ஆன்லைனில் சீன டீசல் ஹீட்டர் பார்த்தேன். 2 கிலோவாட், 5, 8 என்று இருக்கிறது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் 5 வாங்கலாம் என்று நினைக்கிறேன். எங்கே பொருத்துவது? தூங்கும்போது புகையால் ஆபத்து உண்டா? காலையில் பேட்டரி செத்துக் கிடக்குமா? பக்கத்து வீட்டு அங்கிளிடம் யோசனை கேட்டேன். "கதவைச் சாத்திட்டு வெயில்ல நிறுத்து, காசு மிச்சம்" என்றார்.

மலைச்சாரல், பாயான் லெபாஸ்:

கேமரன் மலைக்குப் போகத்தான் இந்த ஏற்பாடு என்றால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். நாங்கள் பிரிஞ்சாங் பக்கம் வண்டியிலேயே பலமுறை தூங்கியிருக்கிறோம். விடியற்காலையில் 14 டிகிரி, ரொம்பப் போனால் 13. நல்ல போர்வையும் ஒரு சுடுநீர்ப் பையும் போதும். அங்கே தொல்லை குளிர் இல்லை, ஈரம். மூச்சுக்காற்று கண்ணாடியில் நீராக வழிந்து தலையணை நனைந்துவிடும். ஷாங்ரி-லா என்றால் கதை வேறு. 3,200 மீட்டருக்கு மேலே, டிசம்பர் ராத்திரி மைனஸில் போகும் ஊர். ஒரு கேள்வி: மனைவி சம்மதித்துத்தான் வருகிறாரா?

கேஸ்கடை, கிள்ளான்:

எதற்கு இவ்வளவு செலவு? முகாம் சாமான் கடையில் கேஸ் டப்பா போட்டு எரிக்கிற சின்ன ஹீட்டர் கிடைக்கும். தூங்கப் போகும் முன் பத்து நிமிடம் எரித்தால் உள்ளே கதகதப்பாகிவிடும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் ஒன்றும் ஆகாது.

செந்தூல் ஃபோர்மேன்:

கேஸ்கடை தம்பி, தயவுசெய்து இந்த யோசனையை யாருக்கும் சொல்லாதே. அந்த ஹீட்டர் எரிவது வண்டிக்குள் இருக்கும் காற்றில், கழிவை விடுவதும் அதே காற்றில். பிராணவாயு குறையக் குறைய கார்பன் மோனாக்சைடு கூடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பத்து நிமிடம் என்று பற்ற வைப்பவன் கதகதப்பில் கண் அயர்ந்துவிடுவான். இன்னொன்று, அந்தத் தட்டை டப்பாவில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். சுழியத்துக்குக் கொஞ்சம் கீழே போனாலே அது ஆவியாகாது. எந்த ராத்திரிக்கு வேண்டுமோ அந்த ராத்திரியில்தான் எரியாது.

டீசல் ஹீட்டர் அப்படி இல்லை. எரிவதற்கான காற்றை வண்டிக்கு அடியிலிருந்து இழுக்கும், புகையை வண்டிக்கு அடியிலேயே விடும். உள்ளே இருக்கும் காற்று சூடான அலுமினிய உடம்பைச் சுற்றி ஓடித் திரும்பி வரும், அவ்வளவுதான். இரண்டு காற்றும் ஒன்றை ஒன்று தொடக்கூடாது. பொருத்துகிறவனின் வேலையே அதுதான்.

கட்டைவண்டி, 5 கிலோவாட் வாங்காதே. விலை ஒன்றுதானே என்று நானும் அப்படித்தான் வாங்கினேன். 2019 டிசம்பரில் ஒரு வாடிக்கையாளரின் லேண்ட் குரூசர் 70-இல் நீ போகிற அதே வழியில் போனோம். திரும்பி வந்த சில வாரத்தில் கோவிட், எல்லாம் மூடியாகிவிட்டது. அதை விடு.

அந்த வண்டிக்கு 5 கிலோவாட் ஹீட்டர் ஒன்றைப் பொருத்தினேன், பெட்டியில் பெயர்கூடக் கிடையாது. வண்டி டேங்கைத் துளைக்க மனமில்லாமல், அதோடு வந்த 10 லிட்டர் பிளாஸ்டிக் டேங்கையே பின்னால் மாட்டினேன். புறப்படும்போதே நம் ஊர் ரவாங்கில் டீசல் நிரப்பினேன். வழியெல்லாம் சூடு, ஹீட்டரைத் தொடவே இல்லை. ஷாங்ரி-லாவில் முதல் ராத்திரி வெளியே மைனஸ் 9. பொத்தானை அழுத்தினால் பம்ப் டிக் டிக் என்கிறது, வெள்ளைப் புகை கக்குகிறது, அணைந்துவிடுகிறது. நான்கு முறை. உயரத்தில் காற்று குறைவு, அதுதான் காரணம் என்று நானே முடிவு செய்துகொண்டு, பம்ப் வேகத்தைக் குறைத்தேன், காற்றாடியைக் கூட்டினேன். பலிக்கவில்லை. இரண்டு சட்டைக்கு மேல் ரெயின்கோட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே தூங்கினோம்.

காலையில், டீசலைப் பற்ற வைக்கும் குளோ பிளக்கைக் கழற்றினேன், விரல் மரத்துப்போய் ஸ்பேனர் இரண்டு முறை கீழே விழுந்தது. பிளக்கில் குறையில்லை. அப்புறம்தான் டேங்கைப் பார்த்தேன். ஃப்ரிட்ஜில் வைத்த தேங்காய் எண்ணெய் மாதிரி, அடியில் வெள்ளையாகக் கட்டிக் கிடந்தது டீசல். நம் ஊர் பி10 டீசலில் பத்தில் ஒரு பங்கு செம்பனை எண்ணெயில் செய்தது. குளிர் பட்டால் மெழுகு கட்டும். வண்டி டேங்கில் யுன்னான் போனதும் சீன டீசல் போட்டிருந்தோம், அதனால் என்ஜின் ஒரே சாவியில் எழுந்தது. ஹீட்டர் டேங்கை மட்டும் மறந்துவிட்டேன். முப்பது வருடம் வண்டி பார்க்கிறவன், அதை மறந்தேன்.

ஆகவே தனி டேங்க் வேண்டாம், வண்டி டேங்கிலிருந்தே எடு. குழாயின் உள்விட்டம் 2 மில்லிமீட்டர்தான். நான்கு மீட்டர் நீளம் என்றாலும் அதில் நிற்கும் பழைய டீசல் ஒரு மேசைக்கரண்டிக்குக் கிட்டத்தான். சீன டீசல் போட்டபின் ஹீட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் பழையது எரிந்து தீர்ந்துவிடும். அங்கே டீசலுக்கு எண் உண்டு: 0, மைனஸ் 10, மைனஸ் 20, மைனஸ் 35. மைனஸ் 10 டீசல் சுமார் மைனஸ் 5 டிகிரி வரைதான் தாங்கும், அதனால் மலை ஏறும் முன் டேங்கைக் கிட்டத்தட்டக் காலியாக்கிவிட்டு மைனஸ் 20 கேட்டு நிரப்பு. இன்னும் மேலே போவதானால் மைனஸ் 35. தாய்லாந்து டீசலிலும் செம்பனை கலப்பு உண்டு, அதை நம்பி ஏறாதே.

5 கிலோவாட் கதை இன்னும் முடியவில்லை. டீசலை மாற்றியபின் மூன்று ராத்திரி அருமையாக ஓடியது. நான்காம் ராத்திரி மூச்சு முட்டி நின்றுவிட்டது. அவ்வளவு சின்ன இடத்துக்கு 5 கிலோவாட் அதிகம், அதனால் எப்போதும் மிகக் குறைந்த அளவில்தான் ஓடிக்கொண்டிருந்தது. குறைவாக எரிந்தால் உள்ளே சூடு போதாது, கரி படியும். அத்தோடு உயரம் வேறு. அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். டீசலைக் குறைக்காவிட்டால் கலவை கெட்டியாகி இன்னும் கரி. 2 கிலோவாட் வாங்கி நன்றாக எரியவிடு. உயரத்தை அளந்து தானே டீசலைக் குறைக்கிற வகை இப்போது வருகிறது, கொஞ்சம் விலை கூட. அதை வாங்கு.

கட்டைவண்டி110:

அண்ணே, இவ்வளவு எழுதியதற்கு ரொம்ப நன்றி. 2 கிலோவாட், உயரம் அளக்கிற வகை, ஆர்டர் போட்டுவிட்டேன். மலைச்சாரல் அக்கா, மனைவி சம்மதம்தான். ஆனால் ஒரு ராத்திரி நடுங்கினாலும் மறுநாளே ஹோட்டல் என்று எழுதி வாங்காத குறை.

ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் டூல்ஸ் வைக்கும் பெட்டி காலியாக இருக்கிறது. பேட்டரி அந்தப் பக்கம், இடது சீட்டுக்கு அடியில். இங்கே பொருத்தலாமா? இரண்டாவது பேட்டரிக்கு லித்தியம் போடலாமா?

செந்தூல் ஃபோர்மேன்:

நல்ல இடம். பெட்டியின் அடித்தகட்டில் துளை போட்டு, ஹீட்டர் பாதத்தோடு வரும் கேஸ்கெட்டை வைத்துத் தட்டையாக இறுக்கு. தகடு மெல்லியது, அடியில் ஒரு இரும்புத் தட்டு கொடு. புகைக்குழாயின் ஒரு இணைப்புகூட வண்டிக்குள் இருக்கக்கூடாது. சைலன்சர் பொருத்துகிறாயா? அதன் அடியில் நீர் வடிய சின்னத் துளை இருக்கும், அதிலும் புகை வரும். அதனால் அதுவும் வெளியேதான். காற்று இழுக்கும் குழாயும் புகைக்குழாயும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம். வயர் பக்கம் போகும் இடத்தில் புகைக்குழாய்க்கு வெப்பத் துணி சுற்று, தொட்டால் கை வெந்துவிடும்.

டேங்கில் எடுக்கும் குழாய் அடிவரை போகவேண்டாம், சில சென்டிமீட்டர் மேலே நிற்கட்டும். ராத்திரி முழுக்க எரித்தாலும் வண்டி ஓட டீசல் மிச்சம் இருக்கும். ராத்திரிக்கு எப்படியும் இரண்டு லிட்டருக்கு மேல் போகாது. பம்பைச் சாய்வாக வை, வெளியேறும் முனை மேலே பார்த்தபடி. படுக்க வைத்தால் காற்றுக் குமிழி சிக்கும். பெட்டியோடு வரும் பச்சை மெத்துக்குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு கெட்டியான நைலான் குழாய் வாங்கு.

கரண்டைப் பொறுத்தவரை, பற்றும்போது சில நிமிடம் 8, 10 ஆம்பியர் இழுக்கும், அப்புறம் ஒன்று இரண்டுதான். வயரைப் பேட்டரியிலிருந்து நேராக எடு, தடிமனாக எடு, ஃபியூஸ் பேட்டரி முனையில். மெல்லிய வயரில் வோல்ட் இறங்கினால் பற்றவே பற்றாது. மெயின் சுவிட்சைத் தட்டி ஹீட்டரை அணைக்காதே. கன்ட்ரோலரில் அணைத்தால் சில நிமிடம் காற்றாடி ஓடித் தன்னைக் குளிர்வித்துக்கொண்டு நிற்கும். திடீரென்று கரண்டை வெட்டினால் உள்ளே வெந்துபோகும். எண்ணெய் நிரப்பும் நிலையத்துக்குள் நுழையும் முன்பும் அணைத்துவிடு.

லித்தியம் போடலாம், ஆனால் சுழியத்துக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக்கூடாது. குளிரில் தானாகச் சார்ஜை நிறுத்துகிற வகையா என்று பார்த்து வாங்கு. எனக்கென்றால் ஏஜிஎம் என்கிற ஈய பேட்டரி போதும்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கிவிட்டாயா? தலைமாட்டில் மாட்டு. இதில் மலிவு பார்க்காதே, இஎன் 50291 என்கிற ஐரோப்பியத் தரக்குறி போட்டிருக்கவேண்டும். வாகனத்தைத் துளைக்கும் முன் காப்புறுதிக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவை. புகைக்குழாயை வண்டியின் பக்கவாட்டில் கொண்டுபோய் முடி. வாலுக்குக் கொண்டுபோகாதே.

கட்டைவண்டி110 (மூன்று வாரம் கழித்து):

பொருத்தியாகிவிட்டது. முதலில் வீட்டு வாசலில் ஓட்டிப் பார்க்கலாம் என்றால், உள்ளே ஏற்கெனவே 33 டிகிரி. தெர்மோஸ்டாட் இது போதும் என்று ஓட மறுத்துவிட்டது. பம்ப் வேகத்தை நேரடியாக வைக்கும் முறைக்கு மாற்றிப் பற்ற வைத்தேன். புது எண்ணெய்ப் பூச்சு எரிந்து புகை கிளம்பியதும் அங்கிள் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

போன சனிக்கிழமை பிரிஞ்சாங் போனோம். இரவு பதினொரு மணிக்கு வெளியே 15. ஹீட்டரைப் போட்டுக் கால் மணி நேரத்தில் மனைவி போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டாள். கண்ணாடியில் நீர் வழியவில்லை, ஜன்னலை விரல் அளவு திறந்து வைத்திருந்தோம்.

ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு அலாரம் கத்தியது. கதவைத் திறந்து வெளியே குதித்தோம், இருவருக்கும் லேசான தலைவலி. அண்ணே, உங்கள் பேச்சைக் கேட்காமல் புகைக்குழாயைப் பின்பக்கம் முடித்திருந்தேன். பக்கவாட்டில் கொண்டுவர ஒரு கிளாம்ப் குறைந்தது, கடை மூடியிருந்தது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ராத்திரி காற்று திசை மாறியிருக்கிறது. டிஃபெண்டர் பின்கதவு ரப்பரைப் பற்றித்தான் தெரியுமே, கதவின் கீழ் மூலையில் வெளிச்சமே தெரியும். டார்ச் அடித்துப் பார்த்தால் புகை அந்த இடுக்கு வழியாகத்தான் நுழைகிறது.

நேற்று குழாயை வலது பக்கம் திருப்பி முடித்துவிட்டேன், பின்கதவுக்குப் புது ரப்பரும் போட்டாயிற்று. அடுத்த வாரம் மறுபடி மேலே போய் ஒரு ராத்திரி பார்க்கிறோம். இன்னொரு தொல்லை பம்ப் சத்தம். மனைவி தலைக்கு நேர் கீழே டிக் டிக் என்கிறது.

செந்தூல் ஃபோர்மேன்:

அலாரம் வாங்கியது நல்லதாகப் போயிற்று. குழாய் முனை வண்டி ஓரத்துக்கு வெளியே கொஞ்சம் நீட்டியிருக்கட்டும், அடியில் முடிந்தால் புகை அங்கேயே சுற்றும். நிறுத்தும்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றும் பார்.

பம்பை நேராகத் தகட்டில் திருகியிருப்பாய். பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி அதில் தொங்கவிடு. சாய்வை மட்டும் மாற்றாதே.