ஸ்டேஷன் கீப்பிங்: 'இடம்பேணல்' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

செயற்கைக்கோளை அதற்குக் குறித்த இடத்திலிருந்து விலகாமல் வைத்திருப்பதை ஆங்கிலத்தில் ஸ்டேஷன் கீப்பிங் என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'நிலையக் காப்பு' என்று ஒருவரும் 'நிலைநிறுத்தம்' என்று இன்னொருவரும் எழுதியிருந்தீர்கள். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை.

முதலாவது, ஸ்டேஷன் என்றதும் நிலையம் என்று கை தானாக எழுதிவிட்டதால் வந்தது. ஸ்டேஷன் கீப்பிங் என்பது கப்பற்படைச் சொல். அணிவகுத்துப் போகும் கப்பல் தனக்குக் குறித்த இடத்திலிருந்து பிசகாமல் ஓடுவதைச் சொல்வது. ரயில் நிலையத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

'நிலைநிறுத்தம்' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'சுற்றுப்பாதையில் நிலைநிறுத்தப்பட்டது' என்று ஏவுதலன்றே செய்தித்தாள்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டன. நாம் பெயர் தேடுவது அதற்குப் பிறகு பதினைந்து வருடம் ஓயாமல் நடக்கும் வேலைக்கு.

நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கும் தகவல்தொடர்பு செயற்கைக்கோள், பூமியிலிருந்து பார்த்தால்தான் அசையாமல் நிற்கிறது. உண்மையில் வினாடிக்கு 3 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. சூரியனும் நிலாவும் இழுப்பதால் அதன் பாதை கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும். நிலநடுக்கோடு சரியான வட்டமில்லை என்பதால் கிழக்கு மேற்காகவும் நகரும். விட்டுவிட்டால் 75° கிழக்கு அல்லது 105° மேற்குத் தீர்க்கரேகையை நோக்கி, பள்ளத்துக்கு நீர் ஓடுவதுபோல் போகும். அதைத் தடுக்கத்தான் செயற்கைக்கோளிலுள்ள உந்திகளை, அதாவது அதைத் தள்ளிவிடும் சிறு எந்திரங்களை, அவ்வப்போது இயக்குகிறார்கள். எரிபொருளில் பெரும்பங்கைத் தின்பது பாதையின் சாய்வைச் சரிசெய்யும் வடக்கு தெற்குத் திருத்தம்தான்.

இடம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2010 ஏப்ரலில் இன்டெல்சாட் நிறுவனத்தின் கேலக்ஸி 15 செயற்கைக்கோள் தரையிலிருந்து வந்த கட்டளைகளுக்குச் செவிசாய்க்காமல் போனது. 133° மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்தது. சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்கள் மட்டும் அணையவில்லை. அக்கம்பக்கத்துச் செயற்கைக்கோள்களின் அலைவரிசையில் குறுக்கிடுமே என்று அவற்றை இயக்குவோர் தவித்தார்கள். டிசம்பரில்தான் அது வழிக்கு வந்தது. ஆங்கிலப் பத்திரிகைகள் அதை ஸோம்பி என்றன. நம்முடைய 'நடைப்பிணம்' அதைவிடக் கச்சிதம். சரி, அது வேறு கதை.

என் முன்மொழிவு: இடம்பேணல். 'நிலைபேணல்' என்றும் யோசித்தேன். புவிநிலை (பூமியிலிருந்து பார்த்தால் அசையாமல் நிற்பது), திசைநிலை (செயற்கைக்கோள் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பது) என்று 'நிலை'க்கு ஏற்கெனவே வேலை அதிகம். 'காத்தல்' என்றால் யாரோ பறிக்க வருவதுபோல் இருக்கிறது. 'பேணல்' உடம்பு பேணுவது மாதிரி, தினமும் செய்தாக வேண்டியது.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: 'இடம்பேணலுக்கான எரிபொருள் இன்னும் இரண்டு வருடம் வரும்.' 'வடக்கு தெற்கு இடம்பேணலை நிறுத்திவிட்டார்கள்.' இடறவில்லை.

அப்புறம், செயற்கைக்கோள் தாண்டக் கூடாத எல்லையைப் பெட்டி என்கிறார்கள். 0.1° என்றால் ஏறக்குறைய 74 கி.மீ. அகலம். இவ்வளவு பெரிய இடத்தைப் 'பெட்டி' என்று எழுத மனம் வரவில்லை. 'இடக்கட்டம்' என்று வைத்திருக்கிறேன், அரைமனதாக. நல்லதாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள்.