அப்பாவுக்கு கால் மரத்துப்போகிறது, சென்சாரில் சுகரும் ஏறிக் காட்டுகிறது. மாத்திரையை மாற்றலாமா?

மன்னார்குடி மகள்:
அப்பாவுக்கு 64 வயது, சுகர் வந்து பத்து வருடம் தாண்டிவிட்டது. சுகருக்கு மெட்ஃபார்மின் 1000 காலை, இரவு, கூடவே கிளிமிபிரைடு, நெஞ்செரிச்சலுக்கு தினமும் பேன்டோபிரசோல். சுத்த சைவம். உள்ளங்கால் மரத்துக் கிடக்கிறது என்கிறார். போன வாரம் வரப்பில் வரும்போது ஒரு செருப்பு சேற்றில் கழன்று நின்றுவிட, அது தெரியாமலே மோட்டார் கொட்டகை வரை நடந்து வந்திருக்கிறார். இதற்கிடையில் யாரோ சொன்னார்கள் என்று வைட்டமின் சி 500 வாங்கி காலையும் மாலையும் சப்புகிறார். அண்ணன் கையில் ஒட்டிவிட்ட சென்சார் 240, 250 என்கிறது, அதே நேரம் லேபில் ரத்தம் கொடுத்தால் 170தான். சுகர் ஏறிவிட்டது, கிளிமிபிரைடு இன்னொன்று போடுகிறேன் என்று அப்பா நிற்கிறார். மெட்ஃபார்மின்தான் காலைக் கெடுக்கிறது, அதை நிறுத்து என்று ஊரில் வேறு சொல்கிறார்கள். என்ன செய்வது?

கும்பகோணம் மெடிக்கல்:
தங்கச்சி, முதலில் அந்தக் கூடுதல் கிளிமிபிரைடைத் தடுங்கள். சில சென்சார்களில் வைட்டமின் சி ஒரு நாளைக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினாலே சுகர் பொய்யாகக் கூடித் தெரியும், ஏனென்றால் சுகரை அளக்கும் அதே மின்முனையில் வைட்டமின் சி-யும் வினை புரிகிறது. அப்பா எடுப்பது 1000. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்துப் பாருங்கள், உங்கள் சென்சாருக்கு எவ்வளவு வரை என்று போட்டிருக்கும். இல்லாத சுகருக்கு மாத்திரை போட்டால் இருக்கிற சுகர்தான் இறங்கும், அதுவும் கிளிமிபிரைடு இறக்கினால் சீக்கிரம் மேலே வராது. வியர்வை, கைநடுக்கம், படபடப்பு என்றால் விரலில் குத்திப் பாருங்கள், 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள்.

இன்னொன்று. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று என்று லெவோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் எழுதினால், கிளிமிபிரைடு போடுகிறார் என்பதைச் சொல்லியே வாங்குங்கள், இரண்டும் சேர்ந்தால் சுகர் தடாலென்று இறங்கலாம். அதே வகையைச் சேர்ந்த காட்டிஃப்ளாக்சசின் மாத்திரை, ஊசியை 2011ல் நம் நாட்டில் தடையே செய்துவிட்டார்கள்.

தஞ்சாவூர் நர்ஸ்:
செருப்பு கழன்றது தெரியவில்லை என்பதைச் சாதாரணமாக விடாதீர்கள். சுகராலும் நரம்பு இப்படிப் போகும், வைட்டமின் பி12 குறைந்தாலும் இப்படியேதான் போகும், பார்த்துப் பிரிக்க முடியாது. வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் போட்டால் குடலில் பி12 சேர்வது குறையும், டோஸ் கூடக் கூட இன்னும் குறையும். அதோடு பேன்டோபிரசோல் வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் சாப்பாட்டிலிருந்து பி12 பிரிந்து வருவதும் குறையும். மீன், முட்டை தொடாதவருக்கு வரவே குறைச்சல். உங்கள் அப்பாவுக்கு மூன்றும் சேர்ந்திருக்கிறது. அதற்காக மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டியதில்லை, பி12 குறைவு சரிசெய்யக் கூடியது, தாமதித்தால்தான் நரம்பு முழுதாகத் திரும்பாமல் போகலாம். ஃபோலிக் ஆசிட் மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே இருக்கும். பி12 குறைந்திருந்தால் மூன்று மாத சுகர் அளவும் சற்று கூடிக் காட்டலாம், டாக்டர் ரிப்போர்ட் பார்க்கும்போது இதையும் கேளுங்கள்.

திருவையாறு பெரியவர்:
அம்மா, ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று நானும் ஆவாரம்பூ தண்ணீர் குடிக்கிறவன்தான், ஆனால் மாத்திரையை விடவில்லை, டாக்டரிடம் மறைக்கவும் இல்லை. பூவும் வெந்தயமும் பாகற்காய்ச் சாறும் சேர்ந்து சுகரை இறக்கினால், மாத்திரை அளவைக் குறைக்க வேண்டியது அவர்தானே?

மன்னார்குடி மகள்:
எல்லோருக்கும் நன்றி. வைட்டமின் சி-யை எடுத்து ஒளித்துவிட்டேன். தெருவில் ஒருவர் நரம்பு ஊசி போடுகிறார், இன்றைக்கே போட்டுவிடலாமா?

தஞ்சாவூர் நர்ஸ்:
பி12 டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். நரம்பு ஊசி என்பது பெரும்பாலும் பி12தான், அதைப் போட்டுவிட்டு டெஸ்ட் எடுத்தால் பி12 கூடுதலாகத்தான் வரும், குறைவே இல்லை என்று ரிப்போர்ட் சொல்லிவிடும். நாளைக் காலையே லேபுக்குப் போங்கள், அங்கிருந்து நேரே டாக்டரிடம். அதுவரை அப்பாவை வெறுங்காலோடு வயலில் இறங்க விடாதீர்கள், முள் குத்தினாலும் அவருக்குத் தெரியாது. ராத்திரி படுக்கும் முன் இரண்டு உள்ளங்காலையும் விளக்கு வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள்.